டப்பாக்காரியின் மாடி அறை

மருந்துக்கடைக்கு மேலே இருந்த அறைக்குத் தெருவில் வைத்த பெயர் டப்பா ரூம். அந்த அறையின் சொந்தக்காரிக்கு வைத்த பெயர் டப்பாக்காரி. முதலில் அவள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்கள். எதிர்வரிசைத் தையல்கடைக்காரர் ஒருநாள் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த விடுமுறை நாளில் அவள் நீலப் பெயின்ட் வாங்கிவந்து, ஸ்டூல் போட்டு ஏறி, தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு மேலே ‘டப்பாக்காரி’ என்று தானே எழுதினாள். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழம் இருக்கும். எழுதி முடித்ததும், கீழே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தையல்கடைக்காரரைப் பார்த்து, “புள்ளியெல்லாம் சரியா இருக்கா, பாத்துச் சொல்லுங்க,” என்றாள்.

கேலிக்கு வைத்த பெயரை ஒருத்தி போர்டாகவே மாட்டிக்கொண்டால் யார்தான் என்ன செய்ய முடியும்? அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னவர்கள் எல்லாம் கொஞ்சம் மரியாதையோடுதான் சொன்னார்கள்.

அவளுக்கு வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. பகலெல்லாம் கீழே கடையில் நின்று மருந்து எடுத்துக்கொடுப்பாள். கல்லாவில் அண்ணன் உட்கார்ந்திருப்பார். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டில் அண்ணன், அண்ணி, அவள் என்று மூன்றே பேர். அண்ணனின் மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். கட்டடத்தை அப்பா இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாக விட்டுவிட்டுப் போயிருந்தார். கீழே கடை இருவருக்கும், மாடி அறை அவளுக்கு என்று வாய்வார்த்தையாகவே வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தது.

அந்த அறையில் இருந்தவை முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்கள். இன்றைக்குப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறோமே, அந்த ஜாதி இல்லை. கீபோர்டுக்குள்ளேயே மொத்த மூளையையும் வைத்து, டிவியோடு சேர்த்து மாட்டுகிற ஆரம்பகாலத்துச் சின்னப் பெட்டிகள். பச்சை எழுத்து மட்டுமே காட்டத் தெரிந்த, பானை வயிறு போலப் பின்னால் புடைத்த மானிட்டர்கள். பாட்டுக் கேசட்டில் புரோகிராமைப் பதிந்து வைத்து, ஓடவிட்டால் காதைக் கிழிக்கிற மாதிரி கத்துகிற டேப்புகள். இவை போக, கால்குலேட்டர் என்று சொன்னால் நம்பமுடியாத அளவுக்குக் கனத்த ஒரு கால்குலேட்டர். செத்துப்போனதை வாங்கிவந்து உயிர் கொடுப்பது அவள் வேலை. வேலை என்றால் சம்பாத்தியம் இல்லை. ஒன்றைக்கூட அவள் விற்றதில்லை.

“எதுக்கு இதெல்லாம்?” என்று கேட்காத ஆள் இல்லை.

“சும்மா,” என்பாள்.

இந்தச் சும்மாவுக்குப் பின்னால் ஒரு பழைய கோபம் இருந்தது. அவள் பள்ளிக்கூடம் முடித்த வருஷம்தான் அந்தப் பக்கத்தில் முதல்முதலாகக் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினார்கள். அப்பா அண்ணனைச் சேர்த்துவிட்டார். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு போனார், வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், உள்ளே ஒரே குளிர் என்று கதை சொன்னார். வகுப்பில் கொடுத்த புத்தகத்தை அவர் திறந்ததைவிட அவள் திறந்ததுதான் அதிகம். கடையில் ஆள் இல்லாத மதியங்களில், காலியான மாத்திரை அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, உள்பக்கத்தில் புரோகிராம் எழுதுவாள். ஓட்டிப்பார்க்க மிஷின் ஏது? மனசுக்குள்ளேயே வரிவரியாக ஓட்டிப்பார்ப்பாள். தப்பு எங்கே என்று தேடுவாள். கிடைத்துவிட்டால் அன்றைக்குப் பூராவும் சிரித்த முகமாக இருப்பாள்.

அண்ணன் பாதியிலேயே நின்றுவிட்டார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். அவள் அப்பாவிடம் போய், “மிச்ச வகுப்புக்கு நான் போறேம்ப்பா,” என்றாள். அப்பா கெட்டவர் இல்லை. ஆனாலும் யோசிக்கக்கூடச் செய்யாமல், “அப்ப கடைய யாரு பாக்கறது?” என்றார். பிறகு மருந்துக்கடை லைசென்ஸுக்கு ஒருவர் படித்தாக வேண்டும் என்று அவளையே மருந்தாளுநர் படிப்புக்கு அனுப்பினார். படித்தாள். லைசென்ஸ் அவள் பெயரில் வந்தது. அண்ணனுக்குக் கல்லா வந்தது.

முதல் மிஷின் கைக்கு வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. அந்த மாதிரி வகுப்பு நடத்திய இடம் ஒன்று இழுத்து மூடப்பட்டு, பழைய பெட்டிகளைப் படிக்கட்டில் வெளியே போட்டிருந்தார்கள். அவள் மருந்து மொத்தக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். வாட்ச்மேனிடம் கேட்டாள்.

“இத என்னம்மா பண்ணுவீங்க? உயிரில்லாதது.”

“எடுத்துக்கலாமா, கூடாதா?”

“தாராளமா எடுத்துக்குங்க. எனக்கு ஒரு வேலை மிச்சம்.”

பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார், பார்த்துக்கொள்ளுங்கள்.

திறந்து பார்த்தால் உள்ளே இருந்த பேட்டரி ஒழுகி, சர்க்யூட் பலகை முழுக்கப் பச்சையும் நீலமுமாகப் பாசி பிடித்தது போல அரித்துக்கிடந்தது. கடைக்காரிக்குக் கடையே துணை. சமையலறை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் தடவினாள், நுரைத்துப் பொங்கி அரிப்பு கரைந்தது. ஸ்பிரிட்டால் கழுவினாள். ஊசி போடுகிற சிரிஞ்சை வைத்து இண்டு இடுக்கெல்லாம் சுத்தம் செய்தாள். அறுந்துபோன செம்புத்தடங்களுக்குப் பதிலாக முடியளவு கம்பி வைத்துப் பற்றவைத்தாள். பற்றவைக்கும் கோலைப் பிடிக்கத் தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டதற்குக் கணக்கில்லை. காயத்துக்கு மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

முதல் தடவை கரண்ட் கொடுத்தபோது மிஷின் ‘டப்’ என்று வெடித்து, கருவாடு தீய்ந்த மாதிரி ஒரு நாற்றத்தோடு புகையைக் கக்கியது. அண்ணி வாளித் தண்ணீரோடு மாடிக்கு ஓடிவந்தாள்.

“ஐயையோ, ஊத்திடாதீங்க அண்ணி! கெபாசிட்டர் ஒண்ணு போயிடுச்சு, அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா? வீடே போயிருக்கும்டி!”

“வீடு நல்லாத்தான் இருக்கு. நீங்க கீழ போங்க.”

அடுத்த தடவையும் ஓடவில்லை. அதற்கடுத்த தடவை திரையில் குப்பை குப்பையாக ஏதோ வந்தது. ஒரு சிப்பு அதன் குழியில் சரியாக உட்காராததுதான் காரணம் என்று கண்டுபிடிக்க அவளுக்கு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. கட்டைவிரலால் ஓர் அழுத்து. திரை ஒருமுறை சிமிட்டியது. மூலையில் ஒரு பச்சைக் கட்டம் தோன்றி, ‘சொல்லு, என்ன செய்யட்டும்’ என்பது போல விட்டுவிட்டு மின்னியது. அவள் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அட்டைப்பெட்டிக்குள் எழுதிய அந்தக் காலத்துப் புரோகிராம் ஒன்று அவளுக்கு இன்னும் மனப்பாடமாக இருந்தது. அடித்தாள். ஓடியது. மனசுக்குள் ஓட்டிப்பார்த்தபோது கிடைத்த அதே விடை.

அதன் பிறகு கேட்பானேன்! ஒன்று இரண்டாயிற்று, இரண்டு அலமாரி ஆயிற்று, அலமாரி அறை ஆயிற்று. பழுப்பேறிய மூடிகளையும் கீக்களையும் ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி மொட்டைமாடி வெயிலில் காயவைப்பாள். வற்றல் காயவைத்திருக்கிறாள் என்று நினைத்து வந்த காக்கைகள், எழுத்து எழுத்தாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போகும்.

நடுவில் ஒரு கல்யாணப் பேச்சும் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் ஒருவர். மனுஷர் நல்லவர், பேச்சும் இனிமை. அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. அறையைப் பார்க்க மாடிக்கு வந்தவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, “கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் தேவைப்படாதுல்ல?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

“எது தேவைப்படும், யாரு தேவைப்படமாட்டாங்கன்னு யோசிச்சுச் சொல்றேன்,” என்று அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள். யோசித்தாள். சொல்லிவிட்டாள். அதிலிருந்து அண்ணன் அவளிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும் என்று தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அண்ணனுக்கு ஓர் எண்ணம் வந்தது. மாடியில் ஒரு டாக்டரை உட்காரவைத்தால் என்ன? மேலே சீட்டு எழுதுவார், கீழே மருந்து போகும். கடை எங்கேயோ போய்விடும். அவர் நினைத்ததில் தப்பில்லை, நாலு கடைக்காரர்கள் செய்வதுதான். சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாக எடுத்தார்.

“மாடி சும்மாதான கிடக்குது.”

“சும்மா எங்க கிடக்குது? நான் இருக்கேன்ல?”

“நான் ரூமச் சொல்றேன். அந்தப் பழைய சாமானெல்லாம்...”

“அண்ணா, அந்த ரூம் குடுக்கறதா இல்ல. வேற பேசு.”

அவர் வேறு பேசினார். விஷயம் முடிந்தது என்று அவள் நினைத்துவிட்டாள். அங்கேதான் தப்புக்கணக்கு போட்டாள்.

வெளியூரில் ஓர் அச்சகத்தை மூடப்போகிறார்கள் என்றும், எழுத்துக் கோப்பதற்காக அந்தக் காலத்தில் வாங்கிய பெரிய மிஷின் ஒன்று கிடங்கில் கிடக்கிறது என்றும் அவளுக்குச் சேதி வந்தது. மேசையளவு மிஷின். அப்படி ஒன்றை அவள் படத்தில்தான் பார்த்திருந்தாள். தெருமுனை வேன்காரரை அழைத்துக்கொண்டு, ஓர் இரவு தங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். அண்ணன் என்றுமில்லாத உற்சாகத்தோடு வழியனுப்பினார். “பதட்டப்படாம நிதானமாவே வா,” என்றார். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் பகலில், அச்சக மிஷினை வேனில் கட்டி வைத்துக்கொண்டு தெருவுக்குள் நுழையும்போதே கண்ணில் பட்டது. ஜன்னலுக்கு மேலே நீல எழுத்து இல்லை. சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தார்கள். சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது, அதன் அடியில் அவள் பெயர் மங்கலாகத் தெரிந்தது.

அவள் படியேறினாள். அறை கழுவிவிடப்பட்டு, பினாயில் வாசத்தோடு பளிச்சென்று இருந்தது. அலமாரிகள் காலி. நடுவில் நோயாளியைப் படுக்கவைக்கும் புத்தம்புதுக் கட்டில், ஒரு சுழல் நாற்காலி, எடை பார்க்கும் மிஷின். தரையில் ஒரே ஒரு திருகாணி கிடந்தது. அதைக் குனிந்து எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டே கீழே இறங்கினாள்.

அண்ணன் கல்லாவில் இருந்து எழுந்துகொண்டார். உட்கார்ந்தபடி சொல்ல அவருக்கே தைரியம் வரவில்லை.

“நல்ல டாக்டரும்மா. தெனம் சாயங்காலம் வந்து உக்கார ஒத்துக்கிட்டாரு. நீ எப்படியும் மனசு வெக்கமாட்ட, அதான் நானே...”

“என் மிஷினெல்லாம் எங்க?”

“பழைய இரும்புக்கடைக்குப் போட்டாச்சு. கோவப்படாத, கேளு...”

“எந்தக் கடை?”

“கேக்கறதக் கேளு. அதால ஒரு பைசாவுக்குப் பிரயோசனம்...”

“எந்தக் கடை?”

ஒரே குரல், ஒரே அளவு. கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் மருந்தை மறந்துவிட்டு நின்றார்கள். பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் கடை என்று அண்ணன் சொல்ல வேண்டியதாயிற்று.

அவள் அழுதாளா? இல்லை. கத்தினாளா? அதுவும் இல்லை. வேன்காரரைக் கூப்பிட்டாள். “மாடில ஒரு கட்டில், ஒரு நாற்காலி, எடை மிஷின் ஒண்ணு இருக்கு. அச்சக மிஷின இங்க வெச்சுட்டு அதெல்லாம் இறக்கி வண்டில ஏத்தணும். ஒரு கை பிடிங்க.”

வேன்காரர் அண்ணனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அக்கா, அதெல்லாம் புதுசு மாதிரி இருக்குதே?”

“புதுசுதான்.”

கட்டில் படியிறங்குகிற சத்தத்தில்தான் அண்ணி வீட்டிலிருந்து வெளியே வந்தாள். மாடி வேலை நடந்ததும் சாமான் போனதும் அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்த விதம் வேறு.

“என்னடி இது? நீதான் சரின்னு சொல்லிட்டியாமே. சொல்லிட்டு இப்ப எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?”

“யாரு சொன்னா நான் சரின்னு சொன்னேன்னு?”

அண்ணி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் கல்லாப்பெட்டிக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணிக்கு அந்த மிஷின்கள் மேல் பாசம் ஒன்றும் கிடையாது. புகை, நாற்றம், டேப்பு கத்துகிற கத்தல் என்று அவள் புலம்பாத நாள் இல்லை. ஆனால் தன்னிடமே பொய் சொல்லித் தன்னையும் அதில் கூட்டுச் சேர்த்துக்கொண்டார் என்பது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நேற்று அலமாரி அலமாரியாக எடுத்து வெளியே வைத்தவளே அவள்தானே? கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, காலில் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு செருப்பு அவளுடையது, இன்னொன்று அவருடையது. “வண்டிய எடுப்பா,” என்றாள்.

பழைய இரும்புக்கடை என்பது பாலத்துக்கு அடியில் தகரம் அடித்த ஒரு பெரிய கொட்டகை. வாசலில் தராசு, உள்ளே மலை மலையாகச் சைக்கிள், ஃபேன், தண்ணீர்க் குழாய். ஒரு மூலையில் அவள் சாமான்கள் குவிந்துகிடந்தன. ஒரு தொழிலாளி மானிட்டர்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்து, சுத்தியலால் கழுத்தில் ஒரு தட்டு தட்டி, செம்புச் சுருளைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேலை சுத்தமாக நடந்துகொண்டிருந்தது. பாதி முடிந்திருந்தது.

“நிறுத்துங்க!”

தொழிலாளி நிறுத்தினார். அவள் நேராகப் போய் சுத்தியலுக்கும் குவியலுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டாள். கடைக்காரர் ஓடிவந்தார்.

“அம்மா, நான் ஒண்ணும் திருடிட்டு வரல. அந்த மருந்துக்கடைக்காரரு கூப்பிட்டுக் குடுத்தாரு. துட்டு எண்ணிக் குடுத்துட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன்.”

“உங்க மேல தப்பில்ல. ஆனா குடுத்தது அவரோடது இல்ல, என்னோடது. நான் எடுத்துட்டுப் போறேன்.”

“அப்ப என் துட்டு?”

“அதுக்குத்தான் கட்டில் கொண்டுவந்திருக்கேன். நல்ல கனமான இரும்பு. எடைக்கு எடை வெச்சுக்கங்க.”

கடைக்காரர் வேனுக்குள் எட்டிப்பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை மறைக்க முடியவில்லை. அதற்குள் அண்ணன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை.

“பைத்தியமா உனக்கு? அது புதுசு! இன்னும் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கல!”

“இருக்கட்டும். எனக்கு அதால பிரயோசனம் இல்ல. பிரயோசனம் இல்லாதத எடைக்குப் போடறதுதான நம்ம வீட்டு வழக்கம்?”

“இந்த வயசுல எதுக்கு உனக்கு இதெல்லாம்? ஒரு ஆளுக்காவது உபயோகம் உண்டா? சொல்லு. ஒரே ஒரு ஆள்!”

அவள் குவியலில் இருந்து எழுந்து நின்றாள். எத்தனையோ பேர் கேட்டுச் சும்மா என்று தட்டிக்கழித்த கேள்வி. இந்தத் தடவை அப்படி விடவில்லை.

“இல்லண்ணா. ஒருத்தருக்கும் உபயோகம் இல்ல. சம்பாதிக்கல, விருது வாங்கல, எவனையும் காப்பாத்தல. எனக்குப் பிடிச்சிருக்கு. நான் பண்றேன். உனக்குக் கிரிக்கெட் பாக்கப் பிடிக்குது, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் பாக்கற. அதால யாருக்கு என்ன உபயோகம்னு நான் டிவியத் தூக்கி எடைக்குப் போட்டேனா? பொம்பள ஒருத்தி ஒரு காரியம் பண்ணா மட்டும் அதுக்குக் காரணம் வேணுமா?”

அண்ணன் வாயைத் திறந்தார். அண்ணி முந்திக்கொண்டாள். “மூடுங்க. மூடிட்டு வாங்குன காசத் திருப்பிக் குடுங்க. குடுத்துட்டு வந்து ஒரு பக்கம் பிடிங்க, தூக்கணும்.”

காசு கைமாறியது. கட்டில் பிழைத்தது. கடைக்காரர் மட்டும் அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

ஏற்றும்போதுதான் போனது எவை என்று தெரியவந்தது. பச்சை மானிட்டர்களில் பெரும்பாலானவை கழுத்து முறிந்து போயிருந்தன. படிக்கட்டில் இருந்து இடுப்பில் தூக்கிவந்த அந்த முதல் மிஷினின் கூடு மட்டும் கிடந்தது. பலகையை உருவி, தங்கத்துக்காகச் சிப்புகளை நெம்பி எடுத்து ஒரு தட்டில் கலந்து போட்டிருந்தார்கள், எது எதனுடையது என்று சொல்ல வழியில்லாமல். அவள் கட்டைவிரலால் அழுத்தி உட்காரவைத்த சிப்பும் அதற்குள் எங்கேயோதான் இருந்தது. அவள் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்து, அதுவரை வாழ்நாளில் அவரிடம் சொல்லியிராத ஒரு வார்த்தையைச் சொன்னாள். நல்ல வார்த்தை இல்லை. அண்ணி அதைக் கேட்காதவள் போலத் தகரக்கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். அண்ணன் கையில் அப்போது ஒரு டேப் இருந்தது. அதைக் கீழே வைக்காமல் கொண்டுபோய் வேனுக்குள் ஜாக்கிரதையாக வைத்தார்.

காலிக் கூட்டையும் அவள் விட்டுவரவில்லை.

“திங்கக்கிழமை டாக்டர் வர்றாரு,” என்றார் அண்ணன், வேன் புறப்படும் சமயத்தில், யாரிடமோ சொல்வது போல.

“வரட்டும். சீட்டு எழுதட்டும். கீழ மருந்து எடுத்துக் குடுக்க யாரு இருக்கான்னு மட்டும் இப்பவே பாத்து வெச்சுக்கோ. லைசென்ஸ்ல இருக்கிற ஆளு அன்னைக்கு மாடில வேலையா இருப்பா.”

டாக்டர் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி வேறொரு மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்தார். அங்கே கூட்டம் அலைமோதுவதாக அண்ணன் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. ஏனென்றால் அவளிடம் பேச்சே இல்லை. ஒரே கவுன்ட்டருக்குள் நின்றுகொண்டு வாடிக்கையாளர்களைத் தூது விட்டார்கள். “இருமல் மருந்து தீரப்போகுதுன்னு அங்க சொல்லுங்க,” என்பார் அண்ணன். காய்ச்சல் மாத்திரைக்கு வந்த மனுஷர் முழித்துக்கொண்டே, “இருமல் மருந்து தீரப்போகுதாம்,” என்பார். “நேத்தே சொல்லியாச்சுன்னு அங்க சொல்லுங்க,” என்பாள் அவள். அந்தத் தெருவில் மருந்து வாங்கப் போனால் நாடகமும் இலவசம் என்று பெயராகிவிட்டது.

அவள் அறைக்குப் புதுப்பூட்டு போட்டாள். சுண்ணாம்பின் மேலேயே மறுபடி பெயரை எழுதினாள், இந்தத் தடவை சிவப்பில். தையல்கடைக்காரர் கேட்காமலேயே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிறகு வேலையில் இறங்கினாள். கழுத்து தப்பிய மானிட்டர் ஒன்றுக்கு, முறிந்த மூன்றில் இருந்து நல்ல பாகங்களைப் பொறுக்கிப் போட்டு உயிர் கொடுத்தாள். மீதிக்குப் படக்குழாய் கிடைக்கவே இல்லை, இன்றுவரை. சில போனவை போனவைதான். அச்சக மிஷின் அறையின் நடுவில் கட்டில் இருந்த இடத்தில் உட்கார்ந்தது. அது ஓடவும் இல்லை, ஓடமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அவளும் விடுவதாக இல்லை.

இரும்புக்கடைச் சேதி எப்படியோ பரவிவிட்டிருந்தது. பெரிய கம்பெனி ஒன்றில் இருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்தார். தங்கள் அலுவலக முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் இவற்றை அடுக்கி வைக்க விரும்புவதாகவும், கீழே அவள் பெயரைப் பொறிப்பதாகவும் சொன்னார்.

“கண்ணாடிக்குள்ள வெச்சு ஓட்டுவீங்களா?”

“ஓட்ட வேண்டிய அவசியம் இல்லீங்களே மேடம். பார்வைக்குத்தான்.”

“பொணத்த அடுக்கி வெக்கறதுக்கு என்கிட்ட எதுக்கு வர்றீங்க? பாலத்துக்கு அந்தப்பக்கம் போங்க, நிறையக் கிடைக்கும். என்னோடது உயிரோட இருக்கு.”

அவர் போன பிறகு அண்ணி, “நல்ல மரியாதையாத்தானடி கேட்டாரு, குடுத்தா பேராவது கிடைக்கும்ல?” என்றாள்.

“பேருதான் ஜன்னலுக்கு மேல இருக்கே அண்ணி.”

அந்தச் சமயத்தில் அவளுக்கு வேறொரு பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிகளுக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்தும் சின்னஞ்சிறு கட்டங்களுக்குள் புள்ளி வைத்து வரைந்தது. அப்படியானால் புள்ளியை மாற்றிவைத்தால் தமிழும் வரவேண்டியதுதானே? கோடு போட்ட தாளில் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பி உட்கார்ந்தாள். ‘ட’வும் ‘ப’வும் சொன்ன பேச்சு கேட்டன. ‘ஞ’வும் ‘ணை’யும் அடங்கமாட்டேன் என்றன. அவற்றுக்கு இரண்டு எழுத்தின் இடத்தை எடுத்துக் கொடுத்தாள். கொம்புக்குத் தனியிடம், காலுக்குத் தனியிடம். அண்ணி காய் நறுக்கிக்கொண்டே வந்து எட்டிப்பார்த்து, “உன் ‘ழ’வுக்கு வாலே இல்லடி,” என்று சொல்லிவிட்டுப் போனாள். பார்த்தால் உண்மைதான். வால் வைத்தாள்.

ஒருநாள் காலை, கடை திறந்ததும், தமிழ் கற்றுக்கொண்ட பெட்டியையும் பிழைத்த மானிட்டரையும் தூக்கிவந்து கவுன்ட்டரின் மேலேயே வைத்தாள். கல்லாவுக்கு நேர் எதிரே. சுவிட்சைப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பச்சை எழுத்து ஒவ்வொன்றாக வந்தது: ‘மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மற்றதை இஷ்டத்துக்குச் செய்யுங்கள்.’

வந்தவர்கள் எல்லாம் நின்று படித்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை படித்துவிட்டு, இரண்டாவது பாதியை எழுதித்தரச் சொன்னார்.

அண்ணன் வெகுநேரம் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் தூதுபோக அப்போது யாரும் இல்லை. ஆகவே நேராகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“கரண்ட் பில்லு ஏறும்.”

“ஏறட்டும்,” என்றாள்.

மாடிக்குப் போய் இன்னொரு பெட்டியைத் தூக்கிவந்து, முதலாவதற்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் சுவிட்சைப் போட்டாள்.